மெல்போர்னுக்குப் போகிற பிள்ளையின் பெட்டியில் எதை வைப்பது?

தங்கச்சிமடத்திலிருந்து ஓர் அண்ணன் கேட்டிருந்தார். மகள் ஜூலை இரண்டாம் வாரம் மெல்போர்னுக்கு முதுநிலைப் படிப்புக்குப் போகிறாள். "அங்கே ஒரே நாளில் வெயில், மழை, குளிர் எல்லாம் வருமாமே, எதுக்குத்தான் துணி எடுத்து வைக்கிறது? மதுரையில் ரெண்டு தடி ஜெர்கின் பார்த்து வைத்திருக்கேன், ஒன்று ஆறாயிரத்து ஐநூறு. வாங்கிடவா? குடை வேணுமா? சேலை எத்தனை வைக்கணும்? பெட்டிக்கு 30 கிலோதான் விடுவார்களாம்" என்று எழுதியிருந்தார். நான் மண்டபத்தில் பிறந்து வளர்ந்தவள். மெல்போர்னில் ஒன்பது வருஷம் படிப்பும் வேலையுமாக இருந்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறேன். இதே கேள்வியோடு நம் கரையில் இன்னும் பல வீடுகள் இருக்கும் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

அண்ணே, முதலில் அந்த ஜெர்கினை வாங்காதீர்கள். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போய் வந்த காசு அது. கடைக்காரர் காட்டுகிற அந்தத் தடி ஜெர்கின் பனி கொட்டுகிற ஊருக்கானது. மெல்போர்ன் நகருக்குள் பனி கொட்டாது என்றே வைத்துக்கொள்ளலாம். ஜூலையில் பகல் 14 டிகிரி, விடிகாலை ஆறு, ஏழு டிகிரி. கொடைக்கானலில் மார்கழி மாதத்துக் காலையை எடுத்துக்கொண்டு, அதோடு பாம்பன் பாலத்து மேல் அடிக்கிற காற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய அதுதான் மெல்போர்ன் குளிர். அதற்குத் தேவை காற்றைத் தடுக்கிற மெல்லிய துணி. பஞ்சு மூட்டை தேவையில்லை.

நீங்கள் கடலுக்குப் போகிறவர். அதனால் உங்களுக்கு இந்த ஊரைப் புரியவைப்பது எனக்குச் சுலபம். மெல்போர்ன் வானிலை முழுக்கக் காற்றின் கணக்கு. நமக்கு வாடை அடித்தால் வடகடல் புரளும், கச்சான் அடித்தால் தென்கடல் புரளும். எந்தப் பக்கத்துக் காற்று என்று தெரிந்தால் அன்றைக்குக் கடல் எப்படி இருக்கும் என்று கரையில் நின்றே சொல்லிவிடுவீர்கள். அங்கேயும் அப்படித்தான், ஆனால் திசை தலைகீழ். நமக்கு வடக்கிலிருந்து வருகிற வாடைதான் உடம்பைச் சிலிர்க்க வைக்கும். மெல்போர்னுக்கு வடக்கே இருப்பது ஆஸ்திரேலியாவின் உள்நாடு, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வறண்ட நிலம். கோடையில் வடக்குக் காற்று அடித்தால் அடுப்பு வாயைத் திறந்த மாதிரி இருக்கும், 35, 40 என்று ஏறும். தென்மேற்கே பார்த்தால் வெறும் கடல். அதைத் தாண்டினால் அண்டார்டிகாதான். அந்தப் பக்கத்துக் காற்று திரும்பியதும் ஊர் குளிர்ந்துவிடும். இரண்டு காற்றுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிற ஊர் அது. ஒரே நாளில் நாலு பருவம் என்று அந்த ஊர்க்காரர்களே சொல்வது இதனால்தான். (குளிர்காலத்தில் மட்டும் வடக்குக் காற்றும் சில்லென்றுதான் வரும். உள்நாடே அப்போது குளிர்ந்து கிடக்கும்.)

காற்று திரும்புகிற அந்த நேரத்தை ஒருமுறை அனுபவித்தால் மறக்காது. முதல் வருஷம் நவம்பரில் எனக்குத் தேர்வு. காலையில் 34 டிகிரி, அனல் காற்று. மெல்லிய அரைக்கை காட்டன் டாப், செருப்பு, அவ்வளவுதான் போட்டுக்கொண்டு போனேன். மூன்று மணிக்கு வெளியே வந்து டிராம் நிறுத்தத்தில் நிற்கிறேன். காற்று சட்டென்று நின்றது. மரத்து இலை அசையவில்லை. எதிர்க் கடையின் துணிப் பந்தல் தொங்கிப்போய்க் கிடந்தது. இரண்டு நிமிஷம் இருக்கும். பிறகு எதிர்ப்பக்கமிருந்து ஒரு அடி அடித்தது. பந்தல் படபடவென்று மேலே எழும்பியது, தெருவிலிருந்த காகிதமெல்லாம் போன வழியே திரும்பி வந்தது, கூடவே மழைமண் வாசனை. டிராம் வருவதற்குள் கை ரோமம் குத்திட்டு நின்றது. என் பக்கத்தில் நின்ற பெண்கள் ஒரு வார்த்தை பேசாமல் பையைத் திறந்து, சுருட்டி வைத்திருந்த மெல்லிய ஜெர்கினை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். அன்றைக்குத்தான் அந்த ஊரில் எப்படி உடுத்த வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. சில நிமிஷத்தில் 10 டிகிரிக்கு மேல் இறங்குவது அங்கே அபூர்வமே இல்லை.

2009 பிப்ரவரி 7-ஆம் தேதி மெல்போர்னில் 46.4 டிகிரி பதிவானது. அந்த நகரின் உச்சம் அது. அன்று மாலையே தென்மேற்குக் காற்று திரும்பி வெக்கை மளமளவென இறங்கியது. நகருக்கு வெளியே எரிந்துகொண்டிருந்த காட்டுத் தீயை அதே காற்றுதான் வேறு பக்கம் திருப்பிவிட்டது. 173 உயிர்கள் போன நாள். அங்கே வானிலை அறிக்கையில் வெப்பநிலையோடு காற்று எத்தனை மணிக்குத் திரும்பும் என்பதையும் சொல்கிறார்கள். பாம்பனில் எத்தனாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று நாம் பார்ப்பது போல, காலையில் கிளம்பும்போது அந்த நேரத்தைப் பார்த்துக்கொள்ளப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். வானிலைத் துறையின் செயலியிலேயே மணிவாரியாக இருக்கிறது. வெப்பநிலை, காற்றோடு சேர்ந்து உடம்புக்கு எவ்வளவு படும் என்ற எண் இரண்டும் இருக்கும். இரண்டாவதைத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது பெட்டிக்கு வருவோம். கோடைத் துணி, குளிர்த் துணி என்று இரண்டாகப் பிரித்து அடுக்கினால் பெட்டி நிறைந்துவிடும், பிள்ளைக்கு உதவவும் உதவாது. ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டு, வேண்டாதபோது கழற்றிப் பைக்குள் திணிக்கிற மாதிரி எடுத்து வையுங்கள். காலையில் எட்டு மணிக்கு மூன்று துணி, டிராமுக்குள் ஹீட்டர் ஓடும்போது இரண்டு, மதிய வெயிலில் ஒன்று, மாலையில் மறுபடி மூன்று. அங்கே எல்லோருடைய நாளும் இப்படித்தான் ஓடுகிறது.

உடம்பை ஒட்டிப் போடுகிற துணிதான் முக்கியம், அதைத்தான் நாம் கவனிப்பதில்லை. தெர்மல் என்று கேட்டால் திருப்பூர்ச் சரக்கே நன்றாகக் கிடைக்கும். மேலுக்கு மூன்று, காலுக்கு இரண்டு போதும். வாங்கும்போது துணி என்ன என்று பாருங்கள். முழுக் காட்டனாக இருந்தால் வேண்டாம். காட்டன் வியர்வையைக் குடித்துக்கொண்டு ஈரமாகவே கிடக்கும். நம் ஊரில் அந்த ஈரம் உடம்பைக் குளிர்த்துவதால் அது நமக்கு வரம். அதே ஈரம் ஏழு டிகிரியில், டிராமுக்கு ஓடி வியர்த்துவிட்டு வெளியே நிற்கும்போது, முதுகில் ஐஸ் வைத்த மாதிரி ஒட்டும். பாலியஸ்டர் கலந்தது அல்லது உல்லன் நல்லது.

அதற்கு மேல் முழுக்கைக் காட்டன் டாப்போ சட்டையோ, தினமும் மாற்றுகிற துணி. அதற்கு மேல் சூட்டைப் பிடித்து வைக்க ஒன்று. ஃப்ளீஸ் என்கிற மெத்தென்ற செயற்கைத் துணியில் முன்பக்கம் ஜிப் வைத்தது வாங்குங்கள். தலை வழியாகப் போடுகிற ஸ்வெட்டர் வேண்டாம். நிரம்பிய டிராமுக்குள் நின்றுகொண்டு தலை வழியாகக் கழற்ற முடியாது, முடியெல்லாம் கலைந்துவிடும் என்று பிள்ளை வியர்த்துக்கொண்டே நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலே தொப்பி வைத்த, காற்றும் மழையும் உள்ளே புகாத மெல்லிய ஜெர்கின் ஒன்று. இந்தக் கடைசி ஒன்றுக்குத்தான் காசு செலவழிக்கலாம். கடையில் எடுக்கும்போது உள்ளே ஃப்ளீஸைப் போட்டுக்கொண்டே அளவு பாருங்கள். பனியன் மேல் போட்டுப் பார்த்து வாங்கினால் அங்கே கை தூக்க முடியாமல் போகும். தோள் தையலைத் தொட்டுப் பாருங்கள். உள்பக்கம் தையல் மேல் டேப் ஒட்டியிருந்தால்தான் மழை தாங்கும். ஊசி ஓட்டை அப்படியே தெரிந்தால் கால் மணி நேரத்தில் தோள் நனைந்துவிடும்.

குடையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மழைக்குக் குடை வேண்டாம். பலத்த மழைக்கு மறுநாள் நகரத் தெருக்களில் குப்பைத் தொட்டிகளைப் பார்த்தால் தெரியும், கம்பி முறிந்த குடைகள் தலைகீழாகச் செருகிக் கிடக்கும். மழை அங்கே பக்கவாட்டில் வரும். அது கொட்டித் தீர்க்கிற மழையும் கிடையாது. மெல்போர்னில் வருஷத்துக்கு 650 மில்லிமீட்டர் அளவுதான், நம் மாவட்டத்தை விடக் குறைவு. ஆனால் நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் மொத்தமாகப் பெய்து ஓய்ந்துவிடுகிறது, அங்கே பன்னிரண்டு மாதமும் பிரித்துப் பிரித்துத் தூறும். பத்து நிமிஷம் தூறல், இருபது நிமிஷம் வெயில், மறுபடி தூறல். அதற்குத் தொப்பி வைத்த ஜெர்கின்தான் சரி.

துணி காய்கிற விஷயத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, பிள்ளைகள் அங்கே போய்த்தான் திண்டாடுகிறார்கள். நம் கரையில் கொடியில் போட்டால் சில மணி நேரத்தில் ஜீன்ஸ் கூட மொடமொடவென்று காய்ந்துவிடும். அங்கே ஜூலையில் ஐந்தேகால் மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். பகலிலும் வெயிலுக்குச் சூடு கிடையாது. அறைக்குள் ஸ்டாண்டில் விரித்துப் போட்ட ஜீன்ஸ் இரண்டு நாள் கழித்தும் இடுப்புப் பட்டையிலும் பை ஓரத்திலும் ஈரமாக இருக்கும், நனைந்த சாக்கு மாதிரி ஒரு வாடை வரும். காசு போட்டு மெஷினில் உலர்த்தலாம். ஆனால் நம் காட்டன் சுடிதார் அதில் ஒரு சைஸ் சுருங்கிவிடும், உல்லன் பொம்மைச் சட்டையாகிவிடும். ஆகவே ஒரே ஒரு ஜீன்ஸ் போதும். மீதியெல்லாம் சீக்கிரம் உலர்கிற மெல்லிய பேண்ட்டாக, உள்ளே தெர்மல் போடுகிற அளவுக்குக் கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும். பேண்ட்டுகளை இங்கேயே தையற்காரரிடம் கொடுத்துக் கால் நீளம் சரிசெய்துவிடுங்கள். அங்கே மடித்துத் தைக்கக் கொடுக்கும் கூலியில் இங்கே பாதிப் பேண்ட் வாங்கலாம்.

இன்னொன்று. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை அங்கே புல் பூக்கிற காலம், காற்றில் மகரந்தம் பறக்கும். 2016 நவம்பர் 21 அன்று இடிமழையோடு அந்த மகரந்தம் கலந்து ஒரே மாலையில் ஆயிரக்கணக்கானோருக்கு மூச்சுத் திணறல் வந்தது, 10 பேர் இறந்தார்கள். பிள்ளைக்கு வீசிங், தும்மல் தொல்லை இருந்தால் அந்த மாதங்களில் துணியை வெளியே உலர்த்த வேண்டாம், மகரந்தம் துணியில் ஒட்டிக்கொள்ளும். படுக்கை விரிப்பும் தலையணை உறையும் இதில் முக்கியம். இன்ஹேலர் தேவைப்படுமா என்று போவதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

வெளிக் குளிரை விட வீட்டுக் குளிர்தான் நம் பிள்ளைகளை வாட்டுகிறது. பழைய வாடகை வீடுகளில் ஜன்னல் இடுக்கு வழியே காற்று வரும். 2021-லிருந்து வாடகை வீட்டுக் கூடத்தில் நிலையான ஹீட்டர் இருக்க வேண்டும் என்று விக்டோரியா மாநிலத்தில் விதி இருக்கிறது, படுக்கையறைக்கு அந்த விதி கிடையாது. எனவே இராத்திரிக்கு ஒரு செட் தனியாக வையுங்கள். தடிமனான பேண்ட், முழுக்கை பனியன், வெளியே போடாத ஒரு சாக்ஸ். நைட்டி மட்டும் போட்டுப் பழகியவள் என்றால் கட்டாயம் வையுங்கள். கம்பளிப் போர்வையை இங்கிருந்து சுமக்காதீர்கள், மூன்று கிலோ அதிலேயே போய்விடும். அங்கே கேமார்ட் மாதிரிக் கடையில் முதல் நாளே மெத்தைப் போர்வை வாங்கிக்கொள்ளலாம்.

உல்லன் ஸ்வெட்டருக்கும் அதையே சொல்வேன். மெரினோ கம்பளிக்குப் பேர்போன நாடு அது. பழைய துணிகளைத் தானமாக வாங்கி விற்கிற தொண்டு நிறுவனக் கடைகள் மெல்போர்னில் ஏரியாவுக்கு ஏரியா உண்டு, ஆப் ஷாப் என்பார்கள். துவைத்து மாட்டியிருக்கிற நல்ல கம்பளி ஸ்வெட்டர், கோட்டு எல்லாம் புதியதில் சிறு பங்கு விலைக்குக் கிடைக்கும். அடுத்தவர் போட்டதா என்று முகம் சுளிக்க வேண்டாம். அங்கே டாக்டர், வாத்தியார் எல்லாம் வாங்குகிறார்கள். நான் ஒன்பது வருஷமும் போட்ட கருநீலக் கோட்டு அப்படி வாங்கியதுதான். போகிற முதல் வாரத்தைத் தாக்குப்பிடிக்கிற அளவுக்கு இங்கிருந்து கொடுத்தனுப்புங்கள். மிச்சத்தை அந்த ஊர்க் குளிரைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவளே வாங்கிக்கொள்ளட்டும். அந்த ஆறாயிரத்து ஐநூறைக் கையில் கொடுங்கள்.

இங்கிருந்து தாராளமாகக் கொண்டுபோக வேண்டியது உள்ளாடைகள். பத்துப் பன்னிரண்டு செட் வையுங்கள். துவைப்பது வாரம் ஒருமுறைதான் நடக்கும். சாக்ஸ் ஏழெட்டு. கறுப்புப் பேண்ட் இரண்டு, கறுப்பு முழுக்கைச் சட்டை ஒன்று கண்டிப்பாக வேண்டும். பகுதி நேர வேலைக்கு ஹோட்டல், காபிக் கடை என்று போனால் பெரும்பாலும் கறுப்பு உடுப்புதான் கேட்பார்கள். வழுக்காத கறுப்பு ஷூவும் கேட்பார்கள், அதைப் பிறகு வாங்கலாம்.

வெயிலைப் பற்றி எச்சரிக்க வேண்டும். வெயிலில் பிறந்த நமக்கு அந்த வெயில் என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். 20 டிகிரியில் குளுகுளுவென்று காற்றடித்த ஒரு நாள் கடற்கரையில் மூன்று மணி நேரம் நடந்தேன், மறுநாள் மூக்கும் கழுத்தும் எரிந்து தோல் உரிந்தது. அந்த வெயிலைச் சூட்டை வைத்து அளக்கக் கூடாது, புற ஊதாக் கதிருக்கென்று தனி எண் சொல்வார்கள். அது மூன்றைத் தொட்டால் உடம்பை மூடிக்கொள்ள வேண்டும். ஆகஸ்ட் நடுவிலிருந்து ஏப்ரல் கடைசி வரை பெரும்பாலும் மூன்றுக்கு மேல்தான். இதற்கு நம்முடைய மெல்லிய முழுக்கைக் காட்டன் சுடிதார் டாப்பை அடிக்க ஒன்றும் கிடையாது. நெருக்கமாக நெய்ததாக ஐந்தாறு வையுங்கள். அகல ஓரம் வைத்த தொப்பி ஒன்றும் வேண்டும். காற்றில் பறக்காமல் தாடையில் கட்டுகிற நாடா இருக்க வேண்டும்.

காலுக்கு நடக்கத் தோதான ஒரு ஷூ, வீட்டுக்குள் போட ஒரு ரப்பர் செருப்பு, கோடைக்கு ஒரு சாண்டல். ஷூவைப் புதிதாக வாங்கினால் ஒரு வாரம் இங்கேயே போட்டுப் பழகட்டும், ஆனால் கிளம்பும் முன் அடியைப் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவிக் காயவையுங்கள். நம் கடற்கரை மணல் ஷூவின் பள்ளத்தில் எப்படிப் போய் உட்காரும் என்று உங்களுக்குத் தெரியும். ஆஸ்திரேலியாவில் இறங்கும்போது மண் ஒட்டிய பொருள் இருக்கிறதா என்று எழுத்திலேயே கேட்பார்கள், ஷூவைத் திருப்பிப் பார்ப்பார்கள்.

சேலை ஒன்று போதும், அதிகபட்சம் இரண்டு. கசங்காத, இஸ்திரி கேட்காத துணியாக இருக்கட்டும். ஜாக்கெட்டை மட்டும் இங்கேயே தைத்துக் கொடுங்கள், ஒன்று முழுக்கை வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். பொங்கல் அங்கே நடுக்கோடையில் வரும், தீபாவளி வசந்த காலத்தில் வரும், எந்தப் பருவத்திலும் மாலைக்கு மேல் சால்வை இல்லாமல் முடியாது. உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பழைய சால்வை இருந்தால் அதையே கொடுத்தனுப்புங்கள். வகுப்பில், டிராமில், விமானத்தில், எல்லா இடத்திலும் கழுத்துக்கும் காலுக்கும் அதுதான் உதவும். கேரம் டவுன்ஸில் சிவா விஷ்ணு கோயில் இருக்கிறது, ஜூலையில் போனால் வெறுங்காலில் தரை ஐஸாக இருக்கும், சாக்ஸோடு நடப்பாள். சுடிதார் தேவைப்பட்டால் டாண்டனாங்கில் நம் ஊர்த் துணிக்கடைகள் வரிசையாக இருக்கின்றன, விலைதான் கூட.

கிளம்புகிற அன்றைக்கு எதை உடுத்துவது என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். மண்டபத்தில் வேனில் ஏறும்போது 32 டிகிரி, மெல்போர்னில் இறங்கும்போது விடிகாலையாக இருந்தால் ஏழு டிகிரி. ஷூ, பேண்ட், காட்டன் டாப் உடம்பில் இருக்கட்டும். ஃப்ளீஸ், மெல்லிய ஜெர்கின், ஒரு செட் தெர்மல், சாக்ஸ், கம்பளிக் குல்லா, சால்வை, உள்ளாடை இரண்டு, இவையெல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். பெரிய பெட்டி ஒருநாள் தாமதித்து வந்தால் கூட பிள்ளை நடுங்காமல் சமாளிப்பாள். எனக்கு அப்படி வந்தது, பெட்டி மூன்றாம் நாள்தான் கைக்குக் கிடைத்தது, அதனால் சொல்கிறேன்.

எல்லாம் அடுக்கி முடித்தால் துணி மட்டும் 12, 13 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. மிளகாய்த்தூள், புத்தகம், குக்கர் என்று மீதி இடம் தானே நிறைந்துவிடும். எடை கூடினால் முதலில் ஜீன்ஸை வெளியே எடுங்கள், பிறகு இரண்டாவது சேலையை. தெர்மலையும் உள்ளாடையையும் மட்டும் குறைக்காதீர்கள். பெட்டியைக் கட்டிவிட்டு எடையை எனக்கு எழுதுங்கள் அண்ணே. அந்த மெல்லிய ஜெர்கினை வாங்குவதற்கு முன் அதன் உள்தையலைப் போட்டோ எடுத்து அனுப்பினால் மழை தாங்குமா என்று பார்த்துச் சொல்கிறேன்.